மேகமும் உறைபனியும் மூடின ஃப்ராங்கோனியா ரிட்ஜ்: நவம்பர்ல ஒரே நாள்ல ஏறி இறங்க முழு வழிகாட்டி

நவம்பர் முதல் ரெண்டு வாரத்துல அமெரிக்காவோட நியூ ஹாம்ப்ஷயர் மலைங்க ஒரு ரெண்டுங்கெட்டான் நிலைமையில இருக்கும். இலையெல்லாம் கொட்டியாச்சு, ஸ்னோ இன்னும் சேரல, பார்க்கிங்ல நின்னா ஒரு ஸ்வெட்டர் போதும்னு தோணும், ஆனா அங்கிருந்து ஆயிரம் மீட்டர் மேல பாறை, செடி, போர்டு எல்லாத்து மேலயும் உறைபனி கோழி இறகு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும், மேகம் ரிட்ஜை, அதாவது மலை முகட்டை, விட்டு நகரவே நகராது. பாஸ்டன், நாஷுவா பக்கம் இருக்குற நம்மாளுங்க அக்டோபர்ல இலை கலர் பார்க்கப் போய் கூட்டத்துல மாட்டிட்டு, "அடுத்த மாசம் ஈ காக்கா இருக்காது, அப்ப ஏறிடலாம்"னு கிளம்புறது பெரும்பாலும் இந்த ஃப்ராங்கோனியா ரிட்ஜ் லூப்புக்குத்தான்.

நான் இதை நவம்பர்ல அஞ்சு தடவை முயற்சி பண்ணி மூணு தடவை முடிச்சிருக்கேன், ரெண்டு தடவை மரம் முடியுற இடத்துலயே திரும்பிட்டேன். கூட வந்த புதுசுங்களைப் பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. பொருள் இல்லாம மாட்டினவங்க கம்மி, முக்கால்வாசி பேர் பையில எல்லாமே இருந்துச்சு, அதை எங்க நின்னு எப்ப வெளிய எடுக்கணும்ங்குறதுலதான் தப்பு பண்ணாங்க. அதனால கீழ இருக்குற வரிசையை மாத்தாதீங்க. இன்னொண்ணு, இது ஸ்னோ சேர்றதுக்கு முன்னாடி இருக்குற நிலைமைக்கு மட்டும்தான், முழங்கால் ஆழம் விழுந்தப்புறம் போறது வேற ஆட்டம்.

1. ரூட்: எந்தப் பக்கமா சுத்தணும்

மொத்தம் கிட்டத்தட்ட 9 மைல், அதாவது 14 கிலோமீட்டர், ஏற்றத்தை எல்லாம் கூட்டினா சுமார் 3,900 அடி. ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெயில்ல 3.2 மைல் ஏறினா லிட்டில் ஹேஸ்டாக் (4,760 அடி), அங்கிருந்து ரிட்ஜ் மேலயே வடக்கால 1.7 மைல், நடுவுல மவுண்ட் லிங்கன் (5,089 அடி), கடைசில மவுண்ட் லாஃபயெட் (சுமார் 5,250 அடி). அப்புறம் க்ரீன்லீஃப் ட்ரெயில்ல 1.1 மைல் இறங்கி க்ரீன்லீஃப் ஹட் (மலையேறுறவங்க தங்குற குடில்), அங்கிருந்து ஓல்ட் பிரைடில் பாத்ல 2.9 மைல் இறங்கினா கிளம்பின இடத்துக்கே வந்துடலாம்.

அருவிப் பக்கமா ஏறி ஹட் பக்கமா இறங்குங்க, மாத்திப் பண்ணாதீங்க. அருவிப் பாதை செங்குத்து, ஓடையை ஒட்டியே போறதால பாறையெல்லாம் எப்பவும் ஈரம், நவம்பர்ல அந்த ஈரம் கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கும். ஐஸ் பாறையில ஏறும்போது வழுக்கினா முட்டி அடிபடும், இறங்கும்போது வழுக்கினா எங்க போய் நிப்போம்னு சொல்ல முடியாது, அதுவும் சாயங்காலம் கால் ஓய்ஞ்சு போயிருக்குற நேரத்துல.

இன்னொரு விஷயம் மேப்பைப் பார்த்து மனசுல ஏத்திக்கணும். ஹேஸ்டாக்ல இருந்து லாஃபயெட் வரைக்கும் நடுவுல கீழ இறங்க ஒரு வழி கூட கிடையாது. கிழக்கால பெமிஜிவாசெட் காடு, மேற்கால குட்டை மரப்புதரும் சரிவும் பள்ளமும். பாதியில முடியலன்னா முன்னாடி போகணும், இல்ல வந்த வழியே பின்னாடி போகணும். "கீழ ரோடு சத்தம் கேக்குது, நேரா இறங்கிடலாம்"னு மேற்கால இறங்குறதுதான் இந்த மலையில பண்ணக்கூடிய மோசமான தப்பு.

2. வானிலை: ஊர் ரிப்போர்ட்டை பார்க்காதீங்க

போன்ல லிங்கன்னு டைப் பண்ணா லிங்கன் ஊரோட வெதர்தான் வரும், அது பள்ளத்தாக்குல இருக்கு. மவுண்ட் வாஷிங்டன் அப்சர்வேட்டரி தினமும் போடுற ஹையர் சம்மிட்ஸ் ஃபோர்காஸ்ட்டைத்தான் பார்க்கணும், அதுதான் இந்த உயரத்துக்குன்னே எழுதுறது. முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை, விடிகாலை கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை.

கணக்கு சிம்பிள். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். பார்க்கிங் சுமார் 540 மீட்டர் உயரம், லாஃபயெட் 1,600. கீழ 3 டிகிரின்னா மேல மைனஸ் 4. அதுல மணிக்கு 60 கிலோமீட்டர் காத்து அடிச்சா உடம்புக்கு மைனஸ் 14 மாதிரி இருக்கும். நான் பார்க்குறது முதல்ல காத்து, அப்புறம்தான் வெப்பம். ரிட்ஜ்ல மணிக்கு 60 தாண்டும்னு போட்டிருந்தா (அங்க மைல்ல சொல்லுவாங்க, 35-40 வரும்) அன்னிக்கு நான் ரிட்ஜுக்குப் போறதில்ல, ஹட் வரைக்கும் போய் சுக்குக்காபி குடிச்சுட்டு வந்துடுவேன்.

புதுசுங்க பார்க்காம விடுறது முந்தின ரெண்டு நாளோட வெதரை. வியாழக்கிழமை மழை, வெள்ளி ராத்திரி உறையுற குளிர், சனிக்கிழமை தெளிவான வானம்னா ரிப்போர்ட்ல சனிக்கிழமை ஜோரா தெரியும், ஆனா பாதை முழுக்க வியாழக்கிழமை மழை ஐஸா உக்காந்திருக்கும். அதே மாதிரி சும்மா மேகம்தானேன்னு நினைக்காதீங்க. ஜீரோவுக்குக் கீழ போயும் உறையாம மிதக்குற மேகத்துளிங்க பாறையில பட்ட நொடியே உறைஞ்சு ஒட்டும், அதுக்குத்தான் ரைம் ஐஸ்னு பேரு. மழையோ ஸ்னோவோ விழாமலே, மேகம் ராத்திரி முழுக்க ரிட்ஜ் மேல படிஞ்சிருந்தாலே போதும், பாறை வெள்ளை பூசிக்கும். உங்க ஜாக்கெட், புருவம், முடி மேலயும் அதேதான் நடக்கும்.

3. நேரம்: பின்னாடி இருந்து கணக்கு போடுங்க

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க. அதுக்கப்புறம் சூரியன் மறையுறது சாயங்காலம் 4:25 வாக்குல. பள்ளத்தாக்குல எதிர்ல கேனன் மலை நிக்குறதால அதுக்கும் முன்னாடியே நிழல் விழுந்துடும். போன மாசம் ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருந்துச்சேங்குற ஞாபகத்துல பத்து மணிக்குக் கிளம்புற கோஷ்டியை ஒவ்வொரு வருஷமும் பார்க்குறேன்.

மைலுக்கு அரை மணி நேரம், ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு அரை மணி நேரம், இதுதான் அங்க பழக்கத்துல இருக்குற கணக்கு. இந்த லூப்புக்கு ஆறரை மணி நேரம் வரும். ஐஸ் இருந்தா, அஞ்சாறு பேரா போனா, எட்டு மணி நேரம் வெச்சுக்கோங்க. நாலரைக்கு இருட்டுன்னா நாலுக்குள்ள கார்கிட்ட வரணும், ரெண்டு மணிக்குள்ள ஹட், 12:45க்குள்ள லாஃபயெட் உச்சி, 11 மணிக்கு ஹேஸ்டாக், அப்ப காலையில ஏழுக்குள்ள நடக்க ஆரம்பிக்கணும்.

இதுல ஒரே ஒரு நேரத்தை மட்டும் எல்லாரும் சத்தமா சொல்லி ஒத்துக்கணும்: 11:30க்குள்ள ஹேஸ்டாக் வரலன்னா திரும்புறோம். இதை கார்லயே பேசிடுங்க, ஏன்னா மேல போய் நின்னா "இவ்ளோ தூரம் வந்துட்டோம் மச்சான், இன்னும் கொஞ்சம்தான்"னு ஒருத்தன் ஆரம்பிப்பான், அப்ப யாருக்கும் மறுத்துப் பேச மனசு வராது. பாஸ்டன்ல இருந்து ரெண்டே கால் மணி நேர ட்ரைவ், அதனால நாலரைக்கு வீட்டை விட்டு கிளம்பணும், முடியலன்னா முந்தின நாளே லிங்கன்ல ரூம் போட்டுடுங்க.

4. பையில என்ன, ஏன்

காட்டன் ஒரு துண்டு கூட உடம்புல இருக்கக்கூடாது, ஜீன்ஸ், பனியன், சாக்ஸ் எதுவுமே. வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு காயாது, மேல காத்துல அதுவே உடம்பை உறிஞ்சிடும். உள்ள கம்பளியோ பாலியஸ்டரோ, அதுமேல ஃப்ளீஸ், காத்தும் ஈரமும் உள்ள வராத ஷெல் ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட். இது எல்லாத்துக்கும் தனியா, நிக்கும்போது மட்டும் போட்டுக்க ஒரு தடியான பஃபர் ஜாக்கெட், எல்லாத்து மேலயும் போடுற அளவு பெரிய சைஸ்ல.

கிளவுஸ் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா என் கூட வந்தவங்க முக்கால்வாசி பேர் மாட்டினது இதுலதான். ஒரு ஜோடி பத்தாது, மூணு வேணும். ஏறும்போது மெல்லிசு ஒண்ணு, அது எப்படியும் நனையும். ரிட்ஜுக்கு விரல் எல்லாம் ஒண்ணா இருக்குற மிட்டன் ஒண்ணு, விரலுக்கு விரல் சூடு கொடுக்கும். மூணாவது ஸ்பேர், பிளாஸ்டிக் கவர்ல கட்டி பையோட அடியில. என் முதல் தடவை ஒரே ஒரு கிளவுஸ்தான், ஹேஸ்டாக்குக்குக் கீழ மரம் முடியுற இடத்துல போட்டோ எடுக்க கழட்டி கக்கத்துல வெச்சேன், அது காத்துல பறந்து போச்சு. அடுத்த அஞ்சாவது நிமிஷம் ஜாக்கெட் ஜிப்போட நுனியைப் பிடிச்சிருக்கேன்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனா விரலுக்குத் தெரியல, இழுக்குறேன் வரல, பல்லால கடிச்சு இழுத்தேன். நல்லவேளை இன்னும் ரிட்ஜ்ல கால் வைக்கல, அப்படியே திரும்பிட்டேன். இப்ப கிளவுஸ்ல கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டிக்குறேன், எல்கேஜி பையன் மாதிரி இருக்குன்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஷூவுக்கு மேல மாட்டுற மைக்ரோஸ்பைக்ஸ் கண்டிப்பா. ரப்பர் வளையத்துல சங்கிலியும் சின்ன இரும்பு முள்ளும் இருக்கும் பாருங்க, அது. பக்கத்து வீட்டு நடைபாதைக்கு விக்குற ஸ்ப்ரிங் சுத்தின ஐட்டம் வேலைக்காகாது, பாறையில பிஞ்சு வந்துடும். வாங்கினதும் வீட்டுலயே ஷூவுல ரெண்டு தடவை மாட்டிப் பழகுங்க, அதுவும் கிளவுஸ் போட்டுக்கிட்டு.

தண்ணி ரெண்டு லிட்டர், அதுல பாதி சுடுதண்ணி. டியூப் வெச்சு உறிஞ்சுற பை எடுத்துட்டு வராதீங்க, டியூப்தான் முதல்ல உறையும். அகல வாய் பாட்டிலை கம்பளி சாக்ஸுக்குள்ள போட்டு தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கத்துல இருந்துதான் பிடிக்கும், தலைகீழா வெச்சா மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். மூடி மட்டும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பஃபர் ஜாக்கெட் குளிச்சிடும்.

போன் பேட்டரி குளிர்ல 40 சதவீதம் காட்டிட்டே ஆஃப் ஆகும். ஆஃப்லைன் மேப் டவுன்லோட் பண்ணி, ஏரோப்ளேன் மோட்ல போட்டு, உடம்பை ஒட்டின உள்பாக்கெட்ல வைங்க. அது போக பேப்பர் மேப், காம்பஸ். அந்த ஏரியாவுல காம்பஸ் முள் நிஜ வடக்குல இருந்து சுமார் 14 டிகிரி மேற்கால காட்டும், அதனால மேப்ல எடுத்த திசையோட 14 கூட்டிக்கணும். ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒண்ணு, லித்தியம் பேட்டரி போட்டு, அதுதான் குளிர் தாங்கும். ஸ்கீ கண்ணாடி ஒண்ணு இருந்தா எடுத்துக்கோங்க, எதுக்குன்னு 10வதுல சொல்றேன். நவம்பர் மான் வேட்டை சீசன், அதனால தொப்பியோ வெஸ்ட்டோ ஒண்ணாவது பளிச்சுன்னு ஆரஞ்சுல இருக்கட்டும்.

சாப்பாடு நிக்காம கையில எடுத்து வாயில போடுற மாதிரி இருக்கணும். டப்பா புளியோதரை நம்ம ஆளுங்க பாசம், எனக்கும்தான், ஆனா மைனஸ்ல அது கட்டியாகி ஸ்பூன் உடையும், கிளவுஸையும் கழட்டணும். சப்பாத்தி ரோலை நாலா வெட்டி ஃபாயில்ல சுத்தினது, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், இதெல்லாம் உள்பாக்கெட்ல. புளியோதரையை கார்ல வெச்சுட்டு வாங்க, சாயங்காலம் தேவாமிர்தமா இருக்கும். பிளாஸ்க்ல சுக்குக்காபி கருப்பட்டி போட்டு.

5. கிளம்புற முன்னாடி ரெண்டு வேலை

வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுங்க: எந்த ட்ரெயில்ல ஏறுறோம், எதுல இறங்குறோம், கார் நம்பர், எத்தனை மணிக்குள்ள போன் வரலன்னா 911 கூப்பிடணும். "மலைக்குப் போறோம்"னு மட்டும் சொன்னா தேடுறவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. மலையில சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதை நம்பி எதையும் வைக்காதீங்க.

நியூ ஹாம்ப்ஷயர்ல அஜாக்கிரதையா போய் மாட்டினா மீட்புச் செலவை நம்மகிட்டயே வசூல் பண்ண சட்டம் இருக்கு. அஜாக்கிரதைக்காக அப்படி வசூல் பண்றதுல இருந்து காப்பாத்துற ஹைக்சேஃப் கார்டுன்னு ஒண்ணை மாநிலத்தோட ஃபிஷ் அண்ட் கேம் டிபார்ட்மென்ட் விக்குது, ஒருத்தருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. வாங்கிடுங்க, அந்தப் பணம் தேடிப் போற ஆளுங்களுக்குத்தான் போகுது.

6. பார்க்கிங்: குளுருதேன்னு நினைக்கும்போதே கிளம்புங்க

ஐ-93ல தெற்கே இருந்து வந்தா லாஃபயெட் பிளேஸ்னு போட்டிருக்குற ட்ரெயில்ஹெட் பார்க்கிங் வலது பக்கமே வரும். எதிர்ப்பக்கம் கேம்ப்கிரவுண்ட் பக்கத்துல விட்டா ரோட்டுக்கு அடியில நடைபாதை இருக்கு. ரோட்டோரமா விடாதீங்க, அங்க அனுமதி கிடையாது. இந்த சீசன்ல டாய்லெட் பூட்டியிருக்கலாம், வர்ற வழியில பெட்ரோல் பங்க்லயே முடிச்சுடுங்க.

இங்கதான் முதல் பெரிய தப்பு. கார்ல இருந்து இறங்கினதும் சில்லுன்னு இருக்கும், எல்லாரும் பஃபர் ஜாக்கெட் வரைக்கும் மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிப்பாங்க, இருபதே நிமிஷத்துல முதுகு தொப்பலா நனைஞ்சிடும், அந்த ஈரத்தோடதான் மேகத்துக்குள்ள போவாங்க. உள்சட்டையும் மெல்லிசான ஃப்ளீஸும் போதும். முதல் பத்து நிமிஷம் நடுங்கிக்கிட்டேதான் நடக்கணும். பத்தாவது நிமிஷம் எப்படியும் ஒரு தடவை நின்னு, வேர்க்குதான்னு கழுத்துக்கு உள்ள கையை விட்டுப் பார்த்து, ஈரம் தெரிஞ்சா ஃப்ளீஸையும் கழட்டிடுங்க.

7. அருவிப் பாதை: மெதுவா, உதிர்ந்த இலையைப் பார்த்து

முதல் 0.2 மைல் ரெண்டு ட்ரெயிலும் ஒண்ணாத்தான் போகும். அப்புறம் வலது பக்கம் வாக்கர் புரூக் மேல ஒரு பாலம், அதைத் தாண்டினாத்தான் ஃபாலிங் வாட்டர்ஸ். பேசிக்கிட்டே நேரா போய் ஓல்ட் பிரைடில் பாத்ல ஏறிடுறவங்க ஏராளம், போர்டைப் படிங்க.

அடுத்து டிரை புரூக்கைத் தாண்டணும், பேருதான் டிரை. தண்ணி தெறிச்ச கல்லு மேல மெல்லிசா ஐஸ் இருக்கும், ஈரம்னு நினைச்சு கால் வெச்சா அவ்ளோதான். எந்தக் கல்லு பளபளன்னு மின்னுதோ அதை விட்டுடுங்க, மங்கலா சொரசொரன்னு இருக்குறதுல மிதிங்க, சந்தேகமா இருந்தா ஸ்டிக் முனையால தட்டிப் பாருங்க. ஷூ நனைஞ்சா நாள் முடிஞ்சுது, வெக்கப்படாம திரும்பிடுங்க, ஏன்னா ஈரக்காலோட ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் நடந்தா விரல் போகும்.

உதிர்ந்த இலை இன்னொரு பொறி. மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில ஐஸ். க்ளவுட்லேண்ட் ஃபால்ஸ், 80 அடி அருவி, ஒன்றரை மைலுக்குள்ள வரும், போட்டோ எடுக்க அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல செங்குத்தா வளைஞ்சு வளைஞ்சு ஏறும், நடுவுல ஷைனிங் ராக்னு ஒரு கிளைப்பாதை பிரியும், அது தண்ணி வழியுற பெரிய கருங்கல் சரிவு, நவம்பர்ல போக வேண்டாம்.

அரை மணிக்கொரு தடவை ஒரு வாய் சாப்பிடுங்க, பசிக்கலன்னாலும். மேல போனா நிக்க முடியாது, வயித்துல எரியுறதுதான் உங்க ஹீட்டர்.

8. கடைசி மரம்: இந்த பதினஞ்சு நிமிஷத்துலதான் எல்லாம் இருக்கு

ஏற ஏற மரம் குட்டையாகிட்டே வரும். தலைக்கு மேல இருந்த ஃபர் மரம் தோள் உயரம் ஆகும், ஊசி இலைங்கள்ல ஒரு பக்கம் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். அந்த வெள்ளை காத்து வர்ற திசையைப் பார்த்துத்தான் வளரும், அதனால மேல காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு அதுவே சொல்லிடும். திடீர்னு காத்து சத்தம் ட்ரெயின் போற மாதிரி கேக்கும். அங்க நில்லுங்க. மரம் இன்னும் மறைக்குற இடத்துலயே நில்லுங்க, இன்னும் பத்தடி போய் பாறையில நிக்கலாம்னு நினைக்காதீங்க.

இப்ப இந்த வரிசை. நின்னதும் முதல்ல பஃபர் ஜாக்கெட்டை எல்லாத்து மேலயும் போடுங்க, உடம்புல இருக்குற சூட்டை அப்படியே பிடிச்சு வைக்கத்தான். அடுத்தது சாப்பாடும் சுக்குக்காபியும், ஏன்னா அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு இதுதான் எரிபொருள். மூணாவது மைக்ரோஸ்பைக்ஸ், விரல் இன்னும் வேலை செய்யும்போதே. மேல போய் மாட்டிக்கலாம்னு விட்டவங்க பாறை மேல ஒத்தைக்கால்ல நின்னு, கிளவுஸைக் கழட்டி, ரப்பரை இழுக்க முடியாம தவிக்குறதைப் பார்த்திருக்கேன். நாலாவது, நனைஞ்ச உள்சட்டையை மாத்துங்க. ஆமா, அந்தக் குளிர்ல சட்டையைக் கழட்டணும், இருபது செகண்ட் கத்துவீங்க, அப்புறம் ரிட்ஜ் முழுக்க எனக்கு நன்றி சொல்லுவீங்க. கடைசியா பஃபரைக் கழட்டி பையோட மேல்பக்கத்துல வெச்சுட்டு, ஷெல் ஜாக்கெட், ஷெல் பேன்ட், முகமூடி, மிட்டன். பேன்ட் கால்ல ஜிப் இல்லன்னா ஸ்பைக்ஸுக்கு முன்னாடியே பேன்ட்டை மாட்டிடுங்க, இல்லன்னா முள்ளு துணியைக் கிழிக்கும். காம்பஸைக் கழுத்துல தொங்க விடுங்க.

எல்லாம் போட்டப்புறம் ஒருத்தர் மட்டும் வெளிய பாறைக்குப் போய் ரெண்டு நிமிஷம் நின்னு பார்க்கணும். நான் பார்க்குறது மூணு விஷயம். வழி காட்ட அடுக்கி வெச்சிருக்குற அடுத்த கல் குவியல் கண்ணுக்குத் தெரியுதா? நேரா நிக்க முடியுதா, இல்ல காத்து தள்ளுதா? கூட்டத்துல யாராவது பேசாம உம்முன்னு ஆகிட்டாங்களா? இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் திரும்பலாம், ஸ்பைக்ஸ் ஏற்கனவே கால்ல இருக்கு, வந்த வழி தெரிஞ்ச வழி. ரெண்டாவது தடவை நான் திரும்பினது அடுத்த குவியல் தெரியாததாலதான், கூட வந்தவனுக்கு செம கோபம், கார்ல லிங்கன் வரைக்கும் பேசவே இல்ல. அடுத்த வாரம் அவனேதான் போன் பண்ணி "எப்படா மறுபடி போலாம்"னு கேட்டான்.

9. ரிட்ஜ் மேல

ஹேஸ்டாக்ல ஏறினதும் ட்ரெயில் ரெண்டு பக்கமும் போகும். இடது பக்கம், வடக்குதான் நம்ம வழி. மேகத்துக்குள்ள நின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சாம்பல், வலது பக்கம் திரும்பினா லிபர்டி மலைக்குப் போயிடுவீங்க, அதனால காம்பஸைப் பார்த்துட்டு நடங்க. இது அப்பலாச்சியன் ட்ரெயிலோட பகுதி, வெள்ளை பெயிண்ட் அடையாளம்தான் போட்டிருக்கும். வெள்ளை உறைபனி மேல வெள்ளை பெயிண்ட், யோசிச்சுப் பாருங்க. அதனால பெயிண்ட்டைத் தேடாம கல் குவியலையும் ரெண்டு பக்கமும் தாழ்வா அடுக்கி வெச்சிருக்குற கல் வரிசையையும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. அந்த வரிசைக்கு வெளிய கால் வைக்காதீங்க, வழி தவறும்ங்குறது ஒரு பக்கம், பாறை இடுக்குல வளர்ற ஆல்பைன் செடிங்க ஒரு மிதி கூட தாங்காது.

மூடுபனி கெட்டியா இருந்தா இப்படிப் பண்ணுங்க: கடைசி ஆள் ஒரு குவியல் பக்கத்துல நிக்கணும், முதல் ஆள் போய் அடுத்த குவியலைக் கண்டுபிடிச்சுக் குரல் கொடுத்தப்புறம்தான் அவர் நகரணும். மெதுவாத்தான் போகும், ஆனா தொலையமாட்டீங்க. யாருக்கும் முன்னாடி ஓட அனுமதி கிடையாது, எவ்ளோ ஃபிட்டா இருந்தாலும்.

ஸ்பைக்ஸோட வெறும் பாறையில நடக்கும்போது பாதம் முழுசா தட்டையா வைங்க, குதிகால் முதல்ல வைக்குற பழக்கம் இங்க வழுக்கும். லிங்கன் ஏறும்போது ரிட்ஜ் ஒடுங்கலா இருக்கும், காத்து பெரும்பாலும் வடமேற்குல இருந்து, அதாவது இடது கன்னத்துலதான் அறையும், அதனால கொஞ்சம் அந்தப் பக்கமா சாஞ்சே நடப்பீங்க, திடீர்னு காத்து நின்னா தடுமாறுவீங்க. இடது கன்னம், இடது காது, மூக்கு நுனி, இதை ஒருத்தருக்கொருத்தர் அப்பப்ப பார்த்துக்கணும். தோல் மெழுகு மாதிரி வெளுத்துத் தெரிஞ்சா உடனே வெறும் உள்ளங்கையால மூடி சூடு பண்ணுங்க, தேய்க்காதீங்க.

லிங்கனைத் தாண்டி ஒரு பள்ளம் வரும், அங்க குட்டை மரப்புதர் கொஞ்சம் காத்தை மறைக்கும், நிக்கணும்னா, பஃபர் போடணும்னா அங்கதான். அடுத்து ஒரு மேடு ஏறுவீங்க, மேகத்துல அதை லாஃபயெட்னு நினைச்சு கை தட்டி போட்டோ எடுத்தவங்க உண்டு, அது பேர் தெரியாத நடு மேடு, ட்ரூமன்னு சிலர் சொல்லுவாங்க. உச்சின்னா போர்டு இருக்கும், பழைய கட்டிடத்தோட கல் அஸ்திவாரம் இருக்கும். அது ரெண்டும் இல்லன்னா நடந்துட்டே இருங்க.

சில நாள் மேகம் ரிட்ஜுக்குக் கீழ தங்கிடும். லிங்கன் மேல நின்னா மேல நீல வானம், கீழ பஞ்சு மூட்டை மாதிரி மேகம், எதிர்ல கேனன் மலையோட முதுகு மட்டும் திமிங்கலம் மாதிரி வெளிய. எனக்கு அஞ்சுல ஒரு தடவைதான் கிடைச்சுது, அன்னிக்குக் கூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல யாரும் நிக்கல, அவ்ளோ காத்து.

10. லாஃபயெட் உச்சி: தப்பா இறங்குற இடம்

அந்த அஸ்திவாரத்துக்குள்ள காத்து மறைவா குந்தி உக்காந்து ஒரு கடலை மிட்டாய் சாப்பிடுங்க, அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். இங்க வந்தவங்க எல்லாரும் இதுவரைக்கும் வடக்கால நடந்து நடந்து, கால் தன்னால வடக்காலயே போகும். அப்படிப் போனா அது கார்ஃபீல்ட் ரிட்ஜ் ட்ரெயில், காருக்கு எதிர்த் திசையில காட்டுக்குள்ள கொண்டு போகும். நம்ம க்ரீன்லீஃப் ட்ரெயில் மேற்கால இறங்கும். போர்டு மேல உறைபனி ஒட்டி எழுத்தே தெரியாது, ஸ்டிக்கால மெதுவா தட்டிக் கொட்டிட்டு ஒவ்வொரு எழுத்தா படிங்க. ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் காம்பஸ் பார்த்து சரின்னு சொன்னப்புறம் இறங்குங்க.

மேற்கால இறங்குறதால இனிமே காத்து நேரா மூஞ்சியிலதான். இதுவரைக்கும் கன்னத்தைத் திருப்பி சமாளிச்சீங்க, இப்ப அது முடியாது, மேகத்துல இருக்குற ஐஸ் பொடி கண்ணுல ஊசியா குத்தும். ஸ்கீ கண்ணாடி சொன்னேன் பாருங்க, இதுக்குத்தான். உச்சியிலயே மாட்டிடுங்க.

11. குளிர் ஏறினவரை கண்டுபிடிக்குறது

நடுங்குறவரைப் பத்தி அவ்ளோ பயப்பட வேண்டாம், உடம்பு இன்னும் சண்டை போடுது. எல்லாரும் நடுங்கும்போது நடுங்காம, பேச்சு குழறி, கால் தட்டி, கேட்டதுக்கு "எனக்கொண்ணும் இல்ல, விடு"ன்னு எரிஞ்சு விழுறவர்தான் ஆபத்துல இருக்கார். நான் கேக்குறது, "வீட்டு பின்கோடு சொல்லு, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடு". ரெண்டுல ஒண்ணு தடுமாறினாலும் காத்து மறைவுக்குக் கூட்டிப்போய், ஈரத்தை மாத்தி, பஃபர் போட்டு, தெளிவா முழுங்க முடிஞ்சா சூடா இனிப்பா குடிக்கக் கொடுத்து, நடக்க முடிஞ்சா கிட்டத்துல இருக்குற மரத்தை நோக்கி இறக்கிடுங்க. நடக்க முடியலன்னா வெறும் தரையில விடாதீங்க, அடியில பையைப் போட்டு மெதுவா படுக்க வெச்சு, எல்லாரும் சுத்தி நின்னு காத்தை மறைச்சுட்டு 911.

12. ஹட்டும் இறக்கமும்

க்ரீன்லீஃப் ஹட் அக்டோபர் நடுவுலயே மூடிடுவாங்க. "ஹட்ல போய் சூப் குடிக்கலாம்"னு பேசிட்டு வந்து பூட்டின கதவை ஆட்டிப் பார்க்குற முகங்களை மறக்கவே முடியாது. ஆனா சுவரோரம் காத்து படாது, அங்க நின்னு சாப்பிட்டுட்டு, ஹெட்லாம்ப்பை பையில இருந்து எடுத்து ஜாக்கெட் பாக்கெட்டுக்கு மாத்திக்கோங்க, இருட்டினப்புறம் பையைக் குடைய வேண்டியதில்ல.

மரத்துக்குள்ள வந்துட்டோம், இனிமே ஸ்பைக்ஸ் எதுக்குன்னு இங்கயே கழட்டிடுவாங்க, அது அவசரம். ஓல்ட் பிரைடில் பாத்ல அகனீஸ்னு கூப்பிடுற செங்குத்து மேடுங்க இருக்கு, மேற்கால பார்த்த பாறைங்க, மத்தியானம் லேசா உருகின தண்ணி மூணு மணிக்கு மறுபடி உறைய ஆரம்பிக்கும். ஐஸ் கண்ணுல பட்டு அரை மைல் ஆச்சுன்னா அப்புறம் கழட்டுங்க. செங்குத்தா இருக்குற இடத்துல பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில இறங்குற மாதிரி இறங்குறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

கடைசி ஒரு மைல்ல எல்லாரும் ஓய்ஞ்சிருப்பாங்க, பேச்சு பிரியாணிக்கு மாறிடும், அப்பதான் கணுக்கால் பிசகும். வாக்கர் புரூக் சத்தம் கேட்டுச்சுன்னா பாலம் பக்கம்னு அர்த்தம், அதுவரைக்கும் காலைப் பார்த்து நடங்க. கார்கிட்ட வந்ததும் முதல் வேலை வீட்டுக்கு போன், இல்லன்னா அவங்க 911க்கு அடிச்சிடுவாங்க. சிக்னல் வரலன்னா பிளாஸ்கைத் திறக்குறதுக்கு முன்னாடியே காரை எடுத்து லிங்கன் பக்கம் போயிடுங்க, புளியோதரை அங்க போய் சாப்பிட்டுக்கலாம்.